ஓர் ஆள் போதும்

கிரேன்காரருக்குப் பயம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஏணியின் பாதி வழியில்.

இருபத்திரண்டு வருடமாக அவர் ஏறி இறங்கிய ஏணிதான். இரும்புத் தகடுகளை அடுக்கி வைக்கும் அந்த நீளக் கொட்டகையின் மூலையில், சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஐம்பத்திரண்டு படி. ஏறி முடித்தால் கூரைத் தகரத்துக்குக் கை எட்டும் உயரத்தில் கிரேன் கேபின். ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல், காலடியில் ஒரு கெட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழே நிற்பவர்களுக்குத் தலையும் தோளும் மட்டும்தான் உண்டு. யாருக்கு உச்சியில் வழுக்கை விழுகிறது என்பது அவனவன் பெண்டாட்டிக்குத் தெரியும் முன்பே கிரேன்காரருக்குத் தெரிந்துவிடும். வெயில் ஏறினால் கேபின் அடுப்பாகக் கொதிக்கும். மழை பெய்தால் பக்கத்தில் ஆயிரம் பேர் பாத்திரம் உருட்டுவதுபோல் இருக்கும். எதற்கும் அவர் அலட்டிக்கொண்டதில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறார். மகள் பிறந்த அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியிருக்கிறார்.

அன்றைக்குப் பாதி ஏணியில் அவருடைய கை, பிடித்த படியை விடமாட்டேன் என்றது. கால் வழுக்கவில்லை, தலை சுற்றவில்லை. நெஞ்சு மட்டும் யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுவதுபோல் அடித்துக்கொண்டது. கழுத்தில் வியர்வை குளிர்ந்து இறங்கியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

முந்தின நாள் மாலைதான் இரண்டாவது ஷிஃப்டை நிறுத்திவிட்டதாக அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மூன்று கிரேன்காரர்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கட்டடம் கட்டுபவன் கட்டுவதை நிறுத்தினான், கப்பல் பட்டறைக்காரன் வாங்குவதை நிறுத்தினான். புதுச் சரக்கும் வராமல், கொட்டகைக்குள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்த தகடுகள் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டன. வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிறவள். தங்குவதற்கு ஆளே வராத ஹோட்டலில் விரிப்பு எங்கே அழுக்காகும்? வாரத்துக்கு ஆறு நாளாக இருந்த வேலை மூன்று நாளாகச் சுருங்கியது. மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம்.

"என்ன அத்தான், பாதி வழியில நின்னு காத்து வாங்குறீங்களா?" என்று கீழே இருந்து குரல் வந்தது.

அது அவருடைய மைத்துனன். மனைவியின் ஒரே தம்பி. கொட்டகையில் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள், வாய் ஓயாது என்பதால். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது கையால் பேசும் வேலை. தகட்டுக்குக் கம்பிவடம் கட்டி, கொக்கியில் மாட்டி, தூக்கு, இறக்கு, நிறுத்து, இடப்பக்கம் கொஞ்சம் என்று கையை அசைத்து மேலே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த வேலையில் சேர்த்துவிட்டவரே கிரேன்காரர்தான்.

பதில் வராததைப் பார்த்து ரேடியோ நிமிர்ந்து நன்றாகப் பார்த்தான். கேலியை அப்படியே விழுங்கிவிட்டான். ஒரு கிரீஸ் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்காகவே ஏறுகிறவன்போல ஏணியில் ஏறி அவர் காலுக்குக் கீழே வந்து நின்றான்.

"நான் பின்னாடியே இருக்கேன் அத்தான். விழுந்தா என் மேலதான் விழுவீங்க. நானும் உங்களோட சேர்ந்து போய்ச் சேருவேன். அக்காவுக்கு ஒரே செலவா முடிஞ்சிரும். ஏறுங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கை விட்டது. ஒவ்வொரு படியாக ஏறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஒரு தகட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்தார்கள். டப்பாவில் சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும். கிரேன்காரர் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார்.

"எப்ப இருந்து இது?" என்றான் ரேடியோ.

"இன்னிக்குத்தான்டா மாப்ள. கையே என் கை மாதிரி இல்ல. மேல போன பிறகும் அப்படித்தான். தகடு தொங்கும்போது வடம் அறுந்துருமோன்னு தோணுது. அறுந்தா உன் தலையில விழுமோன்னு தோணுது. உன் கையை மட்டும் பாத்துக்கிட்டு ஓட்டினேன். வேற எங்க பாத்தாலும் நடுங்குது."

"டாக்டர்கிட்ட போலாமா?"

"போய்? என்னன்னு சொல்றது? ஏணியைப் பாத்தா பயமா இருக்குன்னா? சீட்டுல ஒரு வரி எழுதிருவான். அந்தச் சீட்டு ஆபீஸுக்குப் போகும். கால்வலின்னு சொன்னவனையே அனுப்பிட்டாங்க, பாத்தல்ல?"

ரேடியோ டப்பாவை மூடினான். "சரி, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. அக்காகிட்டயும் வேணாம், அவ வேற ராத்திரி பகலாக் கவலைப்படுவா. தினமும் காலையில நான் பின்னாடி வரேன். கேட்டா கிரீஸ் போடறேன்னு சொல்லிக்கலாம். இந்தக் கிரேனுக்கு இதுவரைக்கும் எவனும் இவ்வளவு கிரீஸ் போட்டிருக்க மாட்டான். ஓடும்போது வழுக்கிட்டே ஓடும் பாருங்க."

அப்படித்தான் நடந்தது. தினமும் காலையில் அவர் முன்னால், அவன் பின்னால். ஏறுகிற வழியெல்லாம் பேச்சு. தன் குழந்தைக்கு இரண்டாவது பல் முளைத்திருப்பதை, அது முதல் கடியை அப்பன் மூக்கில்தான் கடித்தது என்பதை, வீட்டுக்கார அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டதை, பூட்டின சாவியை அவளே தொலைத்ததை, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வருவான். கடைசி ஏழெட்டுப் படி வரும்போது, "இன்னும் ஆறு, அஞ்சு, வந்தாச்சு" என்று சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் எண்ணுவான். சாயங்காலம் மறுபடி ஏறி வந்து, அவருக்குக் கீழே நின்று இறக்கிக்கொண்டு போவான். நாற்பத்தொன்பது வயது ஆள், தன் கண் முன்னால் டவுசரோடு திரிந்த பயலிடம் இப்படி ஒப்படைத்துக்கொண்டு ஏறுவதில் முதல் நாள் இருந்த வெட்கம் மூன்றாவது நாள் போய்விட்டது. நாலாவது நாள் அவன் வர ஐந்து நிமிடம் தாமதமானபோது, கிரேன்காரர் ஏணிக்கு அடியில் நின்று ஷூவின் கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார்.

மூன்று வாரம் போனது. கொட்டகையில் ஆள் மேலும் குறைந்தது. டீ வண்டிக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். பத்துப் பேருக்கு டீ போட்டுப் பெட்ரோல் கட்டுப்படியாகாது என்றார். எதிர் வரிசையில் இரண்டு பட்டறைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. ஷட்டர் இறங்கிய இடத்தில் தெருநாய்கள் நிம்மதியாகப் படுத்திருந்தன.

ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேனேஜர் கெட்ட ஆள் இல்லை. அவர் கண்ணுக்குக் கீழேயும் கறுத்துப்போயிருந்தது. உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் கிரேன்காரரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கேபினை எடுத்துரப் போறோம்," என்றார் மேனேஜர். "ரிமோட் பெட்டி வருது. இடுப்புல மாட்டிக்கிட்டு கீழ இருந்தே ஓட்டலாம். தகட்டுக்கு வடம் கட்டறவரே ஓட்டிக்கலாம். சைகை காட்ட ஆள் தனியாத் தேவையில்ல. ஓர் ஆள் போதும்."

கீழ இருந்தே என்ற வார்த்தை மட்டும்தான் கிரேன்காரர் காதில் முதலில் விழுந்தது. இனி ஏணி இல்லை. அந்த நிமிடம் அவர் உடம்பு முழுக்கத் தளர்ந்து ஒரு சுகம் பரவியது. அப்புறம்தான் மீதி வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

"உங்களால தனியாச் சமாளிக்க முடியுமா?"

"முடியும் சார்."

"வயசு அம்பதாகப் போகுது. உடம்பு எப்படி? ஒளிக்காமச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல சார். கல்லு மாதிரி இருக்கேன்."

மேனேஜர் பேனாவை மேஜையில் உருட்டினார். "உங்க மச்சினன் எப்படி? அவனும் ரிமோட்டைக் கத்துக்குவான்தானே? சின்ன வயசு."

சும்மா இருந்திருக்கலாம். "அது நீங்க முடிவு பண்றது சார்" என்றிருக்கலாம். "நல்ல வேலைக்காரன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இதுதான்:

"நல்ல பையன்தான் சார். ஆனா கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. லோடு தலைக்கு மேல தொங்கும்போதும் பேச்சுதான். அவன் கையில தனியாக் குடுத்தா, யாருக்காவது ஏதாவது ஆயிருமோன்னு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. மேனேஜர் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் ரேடியோ ஏறி வந்து அவரை இறக்கினான். "மெதுவா அத்தான், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றான். அவர் கால் இரண்டு முறை படி தவறியது. இரண்டு முறையும் அவன் தோள் தாங்கியது.

வெள்ளிக்கிழமை ரேடியோவுக்கும் இன்னும் நாலு பேருக்கும் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டு அக்காக்காரி அழவில்லை. தேய்த்து மடிக்கிற கையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவனைப் போய் எப்படிங்க? பதினோரு வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டிருப்பானா? நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலையா?"

"என்கிட்ட எங்க கேட்டாங்க," என்றார் கிரேன்காரர். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோ பெண்டாட்டி பிள்ளையோடு சாப்பிட வந்தான். அக்கா முட்டைக் குழம்பு வைத்திருந்தாள். வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான். "பதினோரு வருஷம் கையை ஆட்டி ஆட்டி, இப்ப வேலை தேடப் போன இடத்துலயும் கையை ஆட்டிட்டேன். அவன் டாட்டா காட்டறேன்னு நெனச்சு அவனும் டாட்டா காட்டி அனுப்பிட்டான்" என்றான். அக்கா சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் பெண்டாட்டி மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். கிரேன்காரர் இன்னொரு முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார். அவன் அதை இரண்டாகப் பிட்டு, பாதியைக் குழந்தைக்குக் கொடுத்தான். மறுபாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

ரிமோட் பெட்டி வர மேலும் இரண்டு வாரமானது. கேபினைக் கழற்றும் வேலைக்காக அதுவரை கிரேனை நிறுத்தி வைத்திருந்தார்கள். மஞ்சள் நிறத்தில், ஒரு சின்னச் செங்கல் அளவுக்கு, வாரோடு இருந்தது. கிரேன்காரர் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு தரையில் நின்றார். பொத்தானை அழுத்தினால் ஆளில்லாத கிரேன் தலைக்கு மேல் நகர்ந்தது. வடத்தை அவரே கட்டினார், கொக்கியில் அவரே மாட்டினார், தள்ளி நின்று அவரே தூக்கினார். கால் தரையில்தான் இருந்தது. ஆனாலும் தகடு எழும்பி ஆடியபோது நெஞ்சு அதே பழைய அடி அடித்தது. ஏணியை எடுத்தால் பயமும் போய்விடும் என்று நினைத்திருந்தார். அது அவரோடு கீழே இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தது. இப்போது நிமிர்ந்து பார்த்தால் இரும்பு மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனபோது டைம்கீப்பர் பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எப்படி இருக்கு புதுப் பெட்டி?"

"பழகிரும்."

"இது உங்க மச்சினன் இடுப்புல இருக்க வேண்டியது. உங்களுக்குத் தெரியாதா? அவனைத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. வயசு கம்மி, சம்பளமும் கம்மி. முடிவே ஆயிடுச்சு. நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் உக்காந்திருந்தேன். அந்தப் பய, 'எனக்கு வேணாம் சார், எங்க அத்தான் கை மாதிரி என் கை வராது, அவரை வெச்சுக்கோங்க'ன்னுட்டான். 'அவருக்கு உடம்பு எப்படி'ன்னு மேனேஜர் குடைஞ்சு குடைஞ்சு கேட்டாரு. 'என்னைவிட வேகமா ஏணி ஏறுவாரு சார்'னான். அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டாங்க. அவனை மாதிரி ஒருத்தன் அமைய நீங்க குடுத்து வெச்சிருக்கணும்."

கிரேன்காரர் கையெழுத்தை எந்தக் கட்டத்தில் போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அரை நாள் வேலை. நேராக மைத்துனன் வீட்டுக்குப் போனார். வாசலில் ஒரு சின்னச் சரக்கு வண்டி நின்றது. மெத்தை, பீரோ, தலைகீழாகக் கவிழ்த்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அவன் பெண்டாட்டி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாங்கண்ணா. நாளைக்குக் கிளம்பறதாத்தான் இருந்தோம். வண்டி இன்னிக்கே கிடைச்சிருச்சு. எங்க அப்பா வீட்டுப் பக்கம் மூட்டை இறக்குற வேலை இருக்காம்," என்றாள். அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். புருஷன் வேலையை விட்டுக்கொடுத்தது அவளுக்கும் தெரியும் என்று அவருக்கு அப்போது விளங்கியது.

உள்ளே காலி அறையில் ரேடியோ சுவரில் இருந்த ஆணிகளைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தான். பீரோ இருந்த இடம் மட்டும் சுவர் வெள்ளையாக இருந்தது.

"மாப்ள," என்றார். "டைம்கீப்பர் சொன்னாரு. உன்கிட்டதான் முதல்ல கேட்டாங்களாமே."

"அந்தக் கிழவனுக்கு வாய் சும்மா இருக்காதே. என்னைப் போய் ரேடியோன்னு சொல்றாங்க."

"எதுக்குடா அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? ஏணி ஏற முடியாத கிரேன்காரனை வெளியில எவன் வேலைக்கு எடுப்பான்? நான் மூட்டை தூக்கிப் பொழைச்சுக்குவேன். உங்களுக்கு அம்பதாகப் போகுது. பாப்பா படிப்பு பாதியில நின்னா அக்கா தாங்குவாளா?"

கிரேன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் மேனேஜர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டேன்டா. உன்னைப் பத்தி."

"தெரியும்."

ஆணி ஒன்று கிறீச்சென்று வெளியே வந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கணக்கு முடிக்கும்போது வேற ஏதாவது வேலை இருக்கான்னு கேட்டேன். மேனேஜர் அப்பவே சொல்லிட்டாரு. 'உங்க அத்தானே உன்னை விளையாட்டுப் புத்திங்கறாரு, நான் என்னப்பா பண்றது'ன்னு."

"அன்னிக்கேயா? அப்புறம் ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிட்டியே."

"அக்கா கூப்பிட்டா. வந்தேன்."

தெருவில் வண்டிக்காரன் ஒரு முறை ஹாரன் அடித்தான். ரேடியோ குறடைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் கிரேன்காரருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். இருந்தது களைப்புதான்.

"நான் அதை உங்களுக்குக் குடுத்துட்டுத்தான் வெளிய வந்தேன் அத்தான். நானாக் குடுத்ததைப் போய் நீங்க திருடிட்டீங்களே."

கிரேன்காரர் அவன் கையைப் பிடித்தார். அவன் தடுக்கவில்லை. ஆனால் அவன் கை பதிலுக்குப் பிடிக்கவில்லை.

"உங்க அக்காகிட்ட சொல்லிடறேன்டா. இன்னிக்கே சொல்லிடறேன். என்னால வெச்சுக்கிட்டு இருக்க முடியல."

"வேணாம்." முதல் தடவையாக அவன் குரல் ஓங்கியது. "சொன்னீங்கன்னா உங்களுக்குப் பாரம் இறங்கிரும். அவ என்ன பண்ணுவா? உங்க மூஞ்சியில எப்படி முழிப்பா? என் மூஞ்சியில எப்படி முழிப்பா? எனக்கு அப்பா அம்மா இல்ல. வந்துபோக ஒரு அக்கா வீடுதான் இருக்கு. அதையும் எடுத்துராதீங்க."

வெளியே போய் வண்டியின் பின்கதவைச் சாத்தினான். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினான். வண்டிக்காரனிடம் அவன் ஏதோ சொல்ல, வண்டிக்காரன் சிரித்தது கிரேன்காரருக்குக் கேட்டது. வண்டி திரும்பிப் போன பிறகு வீட்டுக்கார அம்மா வந்து, கதவைப் பூட்ட வேண்டும், கொஞ்சம் வெளியே நிற்கிறீர்களா என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. மனைவி அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"போயிட்டானா?"

"ம்."

"போன்ல பேசினான். நான் வர்றேன்னேன், வேணாம்னுட்டான், நான் அழுவேனாம். உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. எப்பவும் போலத்தான்."

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சில் ஒரு தெம்பு இருந்தது. காலையில் இருந்து தனக்குத் தானே சொல்லிச் சொல்லி உண்டாக்கிக்கொண்ட தெம்பு.

"இந்தக் கஷ்டம் என்ன, எப்பவும் இப்படியேவா இருக்கப்போகுது? மறுபடி ஆர்டர் வரும், ஆள் எடுப்பாங்க. அப்ப நீங்கதான் மேனேஜர்கிட்டப் பேசணும். அவனைப் பத்தி உங்களைவிட யாருக்குங்க தெரியும்? உங்க பேச்சுக்கு அங்க ஒரு மரியாதை இருக்கு. நீங்க அவனைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லுவீங்கல்ல?"

கிரேன்காரர் சோற்றைப் பிசைந்தார். அவள் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்றேன்," என்றார்.